கிளப் சூதாட்ட இயந்திரங்களுக்குக் கட்டாய அட்டை வேண்டும்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம், உறுப்பினர் கிளப்புகள் சூதாட்ட இயந்திரம் வைத்துக்கொள்ள 1956-இல் சட்டப்படி அனுமதி கொடுத்தது. முன்னாள் படைவீரர்களும் தொழிலாளர்களும் ரக்பி ரசிகர்களும் கூடும் இடங்கள் அவை. லாபம் முதலாளி பைக்குப் போகாமல் ஊருக்கே பயன்படும் என்பது அனுமதிக்குச் சொல்லப்படும் நியாயம். இன்று அங்கே கிளப், மதுக்கூடம் இரண்டிலுமாக 80,000-க்கும் மேற்பட்ட இயந்திரங்கள் ஓடுகின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவிலோ பெர்த் காசினோ ஒன்றைத் தவிர வேறெங்கும் அனுமதி இல்லை. ஆகவே, இயந்திர வருமானம் இல்லாமல் ஊர் வாழ்க்கையே நின்றுவிடும் என்ற பேச்சை அப்படியே ஏற்கத் தேவையில்லை.

கிளப்பின் நல்ல பெயரைப் பார்த்த சட்டம், இயந்திரம் செய்யும் வேலையைப் போதிய அளவு பார்க்கவில்லை என்பதே என் குறை. ஒருவர் ஒரு டாலர் கட்டிப் பட்டனைத் தட்டுகிறார்; முப்பது சென்ட் திரும்புகிறது. எழுபது சென்ட் போய்விட்டது, ஆனால் விளக்குகள் மின்னி ஜெயித்ததற்கான இசை ஒலிக்கிறது. சில விநாடிக்கு ஒருமுறை இது நடந்தால் யாருக்குத்தான் கணக்கு நினைவிருக்கும்? கட்டும் பணத்தில் 85 சதவீதமாவது திரும்ப வேண்டும் என்று விதி உண்டு. ஆனால் திரும்பியதையே மறுபடி மறுபடி கட்டுபவரிடம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பங்கு கழிந்து, கடைசியில் எல்லாமே கரைந்துவிடும். ஒரு மணி நேரத்தில் 1,500 டாலர்கூட எளிதில் போகலாம் என்று மத்திய அரசின் உற்பத்தித்திறன் ஆணையம் 2010-இல் சொன்னது. இயந்திரங்களில் செலவாகும் பணத்தில் சுமார் 40 சதவீதம், சூதாட்டத்தால் சிக்கலில் மாட்டியவர்களுடையது என்றும் கணித்தது.

அட்டையைக் கட்டாயமாக்கி வருமானம் குறைந்தால் கிளப்புகளின் மைதானங்களும் நன்கொடைகளும் என்ன ஆகும் என்று கேட்கிறார்கள். கவலை நியாயமானதே, அரசு சில ஆண்டுகள் கைகொடுக்கலாம். ஆனால் அடிமைப்பட்டவரின் வீட்டுச் செலவுப் பணத்தை எடுத்துத்தான் பிள்ளைகளுக்கு மைதானம் போட வேண்டுமா? தனிமனிதச் சுதந்திரம் என்பது அடுத்த வாதம். ஆடுபவர் தன் இழப்பு வரம்பைத் தானே குறித்துவைக்க, அதைத் தொட்டதும் ஆட்டத்தை நிறுத்தும் அட்டை, நிதானமாக இருக்கும்போது அவர் எடுத்த முடிவைத்தானே காக்கிறது! நார்வே 2007-இல் பழைய இயந்திரங்களை அடியோடு அகற்றியது. பின்னர் அரசு நிறுவனத்தின் இயந்திரங்களை மட்டும், அட்டையோடும் இழப்பு வரம்போடும் அனுமதித்தது.

நியூ சவுத் வேல்ஸ் குற்ற ஆணையமும், குற்றத்தில் ஈட்டிய ரொக்கம் இந்த இயந்திரங்களில் புழங்குவதைக் காட்டி, ரொக்கமில்லா அட்டையைக் கட்டாயமாக்கச் சொன்னது. அது 2022-இல். மறு ஆண்டு வந்த புதிய அரசு, புதிய இயந்திரங்களில் ஒரே நேரத்தில் போடக்கூடிய ரொக்கத்தின் உச்சவரம்பை 5,000 டாலரிலிருந்து 500 ஆகக் குறைத்தது. நல்ல தொடக்கம்தான், ஆனால் 500 தீர்ந்ததும் இன்னொரு 500 போடலாம். விரும்பியவர் மட்டும் வைத்துக்கொள்ளும் அட்டையும் போதாது. அது மிகவும் தேவைப்படுபவரே அதைத் தவிர்ப்பார். சோதனை, ஆய்வு என்று இனியும் தள்ளிப்போடாமல், எல்லா இயந்திரத்துக்கும் அட்டை கட்டாயமாகும் தேதியை மாநில நாடாளுமன்றம் சட்டத்திலேயே எழுத வேண்டும்.