கொமாண்டர் ஏறிய ஏணி

தேத்தண்ணி ஆறமுன் குடியும் தம்பி. யாழ்ப்பாணக் கோட்டையில் இருந்து ஆண்ட ஒல்லாந்தர் பிறகு என்ன ஆனார்கள் என்று கேட்டீர் அல்லவா? ஒருவரை எடுத்துச் சொல்கிறேன், மற்றவர்கள் போன பாதையும் விளங்கும்.

ஹென்றிக் ஸ்வார்டெக்ரூன் 1667இல் ரொட்டர்டாமில் பிறந்தவர். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியில் சேர்ந்து, 1694இல் இங்கே கொமாண்டர் ஆகிவிட்டார். அவருக்கு மேலே கொழும்பில் தேசாதிபதி. அதற்கும் மேலே பத்தாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில், மகா தேசாதிபதி. எல்லோருக்கும் மேலே ஒல்லாந்தில் 17 பேர் கொண்ட சபை. இந்த ஏணியின் எந்தப் படியிலும் எங்கள் சனத்திடம் யாரும் விருப்பம் கேட்டதில்லை.

ஏறுவதற்கு வருமானம் காட்டவேண்டும். யாழ்ப்பாணத்தில் அதற்கு வழி நிறைய இருந்தது. வன்னி நாட்டுத் தலைவர்கள் திறையாகக் கொடுத்த யானைகள் ஆனையிறவைக் கடந்து வந்தன, கோல்கொண்டா வணிகர்கள் அவற்றை வாங்கிப் போனார்கள். சாயவேர் இருந்தது, பனைமரம் இருந்தது. நிலவரி, தலைவரி, இவற்றோடு கூலியில்லா ஊழியம் வேறு.

1697இல் அவரை மலையாளக் கரைக்கு அனுப்பினார்கள். போகுமுன், பொறுப்பேற்பவர்களுக்காக நீண்ட குறிப்பொன்று எழுதிவைத்தார், கம்பனி வழக்கம் அது. 1911இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு கொழும்பில் அச்சானது. அதிலே ஓர் இடம் எனக்கு நெஞ்சை அடைக்கும். கடலுக்கு அப்பால் தமிழகக் கரையில் அப்போது பஞ்சம். 1694 கடைசியிலிருந்து 2 வருடத்துக்குள் 3,500க்கும் மேற்பட்ட தமிழர்களை அடிமைகளாக இங்கே கொண்டுவந்து இறக்கியிருக்கிறார்கள். எத்தனை பேர், கம்பனிக்கு எவ்வளவு வரி வந்தது என்று கணக்கு ஒழுங்காக நிற்கிறது. சோற்றுக்கு வழியில்லாமல் விலைப்பட்ட சனம் அவருக்கு ஒரு வருமானத் தலைப்பு.

அந்த மனிதர் 1718இல் பத்தாவியாவின் மகா தேசாதிபதியானார், 1725 வரை இருந்தார். ஜாவாவில் கோப்பிச் செய்கை பெருகியது அவர் காலத்தில்தான். தனக்கு எதிராகச் சதி செய்தார் என்று பீற்றர் எர்பர்வெல்ட் என்பவரை 1722இல் கொடூரமாகக் கொன்றதும் அந்த ஆட்சிதான். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த வான் கூன்ஸ்கூட 1678இல் அதே பதவிக்குப் போனவர். இங்கே வேலை பார்த்தது அவர்களுக்கு மேலே போக உதவியது.

ஆனால் அவர்களைவிட நாங்கள் அறிந்துவைக்க வேண்டியவர் கிளாஸ் ஐசாக்ஸ் என்று நினைக்கிறேன். மகா தேசாதிபதி ஆகாதவர், யாழ்ப்பாணத்துத் திசாவை, அதாவது மாவட்ட நிர்வாகி. 30 வருடத்துக்கு மேல் இங்கேயே இருந்து பழகினவர். தேசாதிபதி சைமன்ஸ் கேட்டபடி எங்கள் சீதன, முதுசொம், அடைமான வழக்கங்களை எழுதினார். 12 முதலியார்மார் பார்த்துச் சரி சொன்ன பிறகு 1707இல் அது தேசவழமைச் சட்டமாயிற்று. பிரித்தானியரும் 1806இல் அதை ஏற்றார்கள்.

ஊர் வாயிலே இருந்தவரை வழக்கம் காலத்தோடு இளகும். எழுத்தில் ஏறியதும் இறுகிப்போயிற்று. பெண்களுக்கு அதனால் வந்த பாரத்தை நான் நியாயம் என்று சொல்லமாட்டேன். உம்முடைய அம்மா தன் சீதனக் காணியை விற்க நொத்தாரிசிடம் போனால், இன்றைக்கும் அவர் முதலில் கேட்பது அப்பாவின் சம்மதக் கையெழுத்தை.