காட்டுக்குள் ஒரு கண்டக்டர்

இரும்புலியூர் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "லீவுக்கு வந்த பேரனை வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். செந்நாயைப் பார்த்ததும், 'இது நம்ம தெருவுலயே இருக்கே தாத்தா' என்று சொல்லிவிட்டுப் புலியைப் பார்க்க ஓடிவிட்டான். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை."

பேரன்மேல் தப்பில்லை. செம்பட்டை உடம்பும் நுனி கறுத்த புசுபுசு வாலுமாக, நம் தெரு மணிக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரிதான் இருக்கும். ஆனால் உறவு கொஞ்சம் தூரம். நாய், ஓநாய், குள்ளநரி மூன்றும் ஒரே பேரினம். செந்நாய் வேறு பேரினம். அதில் இன்று மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். நாய்க்கு 42 பல் என்றால் இதற்கு 40.

பல்லை விடுங்கள். என்னை மயக்கியது அதன் குரல். செந்நாய் நாயைப்போல் குரைப்பதில்லை, விசிலடிக்கும்!

தாம்பரத்திலிருந்து பிராட்வேக்கு 21ஜி பஸ்ஸில் பல வருஷம் தொங்கியவன் நான். கூட்டத்தில் கண்டக்டர் எங்கே சிக்கியிருக்கிறார் என்று டிரைவருக்குத் தெரியாது, கத்தினாலும் கேட்காது. விசில் மட்டும் அத்தனை தலைகளையும் தாண்டிப் போய்ச் சேரும். முதுமலையில் உண்ணிச்செடி மண்டிய புதருக்குள்ளும் இதே நெரிசல்தான். மானைத் துரத்திய செந்நாய்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறிவிடும். ஒன்று விட்டுவிட்டு விசிலடிக்கும். மற்றவை திசை கண்டுபிடித்து வந்து சேரும். அந்தக் காலத்து வேட்டைக்காரர்கள் காலித் தோட்டாக் குப்பியை ஊதியே அவற்றைத் திரும்ப வரவழைத்திருக்கிறார்கள்.

கூட்டம் கலைந்தால் செந்நாய்க்குப் பிழைப்பில்லை. பதினைந்து கிலோ உடம்பை வைத்துக்கொண்டு ஒற்றையாளாகக் கடமானைச் சாய்க்க முடியுமா? நாங்குநேரியில் பிறந்த வனவிலங்கு ஆய்வாளர் ஏ.ஜே.டி. ஜான்சிங் 1976 முதல் 1978 வரை பந்திப்பூர்க் காட்டில் நடந்தே பின்தொடர்ந்து இவற்றின் குடும்பக் கதையை எழுதினார். பெரும்பாலும் கூட்டத்தில் ஒரு ஜோடிதான் குட்டி போடும். மற்றவை சித்தப்பா, சித்தி, அத்தை. வளைக்குக் காவல் இருக்கும். வேட்டையிலிருந்து திரும்பி, தின்றதைக் கக்கித் தாய்க்கும் குட்டிகளுக்கும் ஊட்டும். குட்டிகள் வளர்ந்து உடன் வரத் தொடங்கியதும், இரையில் முதல் பந்தி அவர்களுக்கு. எங்கள் பாட்டி வீட்டுக் கல்யாணங்களிலும் குழந்தைகள் கைகழுவிய பிறகுதான் பெரியவர்களுக்கு இலை.

ஆனாலும் கெட்ட பெயர் போகவில்லை. இரை உயிரோடு இருக்கும்போதே தின்னத் தொடங்கிவிடும் என்பதால் வெள்ளைக்கார துரைகளுக்கு இதைக் கண்டாலே ஆகாது. கொன்றவருக்குச் சன்மானம் கொடுத்தார்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை அந்த வழக்கம் நீடித்தது. 2015 கணிப்பின்படி, குட்டி ஈனும் பருவத்தில் இருப்பவை உலகம் முழுக்க 949 முதல் 2,215 வரைதான்.

இப்போது துப்பாக்கி இல்லை. பதிலுக்கு நம் குப்பை போகிறது. எங்கள் ஏரிக்கரையில் கோழிக்கடைக் கழிவு மூட்டை விழுந்த மறுநாளே பத்து நாய்கள் சேர்ந்துவிடும். காட்டோர ஊர்களிலும் அப்படித்தான். அங்கே மூட்டைக்கு அந்தப் பக்கம் காடு. நாய்களிடமிருந்து டிஸ்டெம்பரும் வெறிநோயும் உள்ளே நுழைகின்றன. ஒன்றின் வாயிலிருந்து இன்னொன்று சாப்பிடும் குடும்பத்தில் நோய் ஒன்றோடு நிற்குமா? நாய்களைத் திட்டிப் பயனில்லை. தடுப்பூசி போடுவதும் மூட்டையை வீசாதிருப்பதும் நம் வேலை.

போன மாதம் வண்டலூரில் நானும் அந்த வேலியோரம் நின்றிருந்தேன். ஓர் இளைஞர் விரலை மடித்து வாயில் வைத்து ஒரு விசில் விட்டார். நண்பர்கள் சிரித்தார்கள். படுத்திருந்த செந்நாய் எழுந்தது; காதை நிமிர்த்தி, அவரைத் தாண்டி, பின்னால் இருந்த மரங்களைப் பார்த்தது. வெகுநேரம் உட்காரவேயில்லை.

பேரனிடம் சொல்லுங்கள் ஐயா: அங்கே போனால் விசில் மட்டும் அடிக்க வேண்டாம். சொந்தக்காரர் யாரோ கூப்பிடுவதாக அது நினைத்துக்கொள்ளும்.