அம்பாசடரின் ஒயரிங்: அன்றும் இன்றும்

உத்தர்பாரா தொழிற்சாலையிலிருந்து வந்த முதல் அம்பாசடர்களின் மின்சுற்றை ஒரே தாளில் வரைந்துவிடலாம். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரிலிருந்து உருவான வண்டி என்பதால் ஒயர்களுக்கும் பிரிட்டிஷ் லூகாஸ் நிறமுறைதான். பேட்டரியிலிருந்து நேராக வருவது பழுப்பு, இக்னிஷனுக்கு வெள்ளை, பியூஸைத் தாண்டிய பின் பச்சை, ஹெட்லைட்டுக்கு நீலம், பார்க்கிங் விளக்குக்குச் சிவப்பு, எர்த்துக்குக் கறுப்பு. இந்த ஆறும் மனப்பாடமான எலக்ட்ரீஷியன் ஒரு டெஸ்ட் லைட்டை வைத்துக்கொண்டே பழுதைக் கண்டுபிடித்தார்.

அந்த எளிமைக்கு ஒரு விலையும் இருந்தது. முழு வண்டிக்கும் இரண்டே பியூஸ். ஹெட்லைட்டுக்கு அதுவும் கிடையாது. டைனமோ தந்ததே 20 ஆம்பியர் அளவுதான். அதற்கேற்ற தடிமனில் ஒயர் போட்டிருந்தார்கள். பின்னாளில் 60 வாட் ஹாலஜன் பல்புகள் இரண்டை மாட்டியபோது, ஹை பீமில் 10 ஆம்பியர் ஓடியது. அவ்வளவும் டேஷ்போர்டு சுவிட்சுக்குள் புகுந்து, காலால் மிதிக்கும் டிப்பர் சுவிட்சைக் கடந்துதான் விளக்கைச் சேர வேண்டும். சுவிட்ச் சுட்டது, விளக்கு மங்கியது. விளக்கில் வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும்.

இன்று கிடைக்கும் புதிய ஒயரிங் கிட்டில் ஹெட்லைட், ஹார்ன், வைப்பர் என்று ஒவ்வொன்றுக்கும் தனி பியூஸ் உண்டு. ரிலே வைத்தால் பழைய சுவிட்ச் வழியே கால் ஆம்பியர்கூடப் போவதில்லை. பெரிய மின்னோட்டம் பேட்டரியிலிருந்து குறுக்கு வழியில் விளக்குக்குச் செல்கிறது. அன்று ஒரு ஒயர் உரசினால் ஒயரிங் முழுவதும் கருகும் அபாயம் இருந்தது. இன்று ஒரு பியூஸ் போவதோடு முடிகிறது.

இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. எந்தக் காருக்கும் பொருந்தும்படி செய்யப்படும் பொதுக் கிட்டுகளில் நிறங்கள் வேறு. அதைப் போட்ட நாளோடு பழைய சர்வீஸ் புத்தகத்தின் வரைபடம் அந்த வண்டிக்குப் பயனற்றதாகிவிடுகிறது. பச்சையைப் பார்த்ததும் பியூஸைத் தேடிப் போகும் கைக்கும் அங்கே வழி தெரியாது.

ஆகவே மாற்றுவதா வேண்டாமா என்பதை ஒயரே சொல்லட்டும். என்ஜின் அருகே சூடுபட்ட இடத்தில் ஒயரை மெல்ல வளைத்துப் பார்க்க வேண்டும். உறை விரிசல் விட்டு, உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தால் ஒட்டுப்போடுவதில் பொருளில்லை. முழுவதையும் மாற்றிவிடுவதே சரி. உறை இளக்கமாக இருந்து விளக்கு மட்டும் மங்குகிறது என்றால், பேட்டரியிலும் விளக்கிலும் வோல்ட் அளந்து பார்க்கலாம். வித்தியாசம் 1 வோல்ட்டைத் தாண்டினால் பெரும்பாலும் குற்றம் துருப்பிடித்த எர்த்திலோ தளர்ந்த இணைப்பிலோ இருக்கும். ஸ்டீரியோவுக்கும் கூடுதல் ஹார்னுக்கும் ஆளுக்கொருவர் இழுத்துவிட்ட ஒயர்களை அகற்றி, எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, ஹெட்லைட்டுக்கு இரண்டு ரிலே சேர்த்தாலே போதும். டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் மாட்டியவர்கள் மட்டும், பழைய பழுப்பு ஒயரை நம்பி ஓட்டக் கூடாது. அது தாங்கும் அளவு வேறு.

முழுவதும் மாற்றுவதென்று முடிவானால், கூடுதல் செலவானாலும் லூகாஸ் நிறங்களிலேயே கட்டிய கிட்டைத் தேடுவது நல்லது. புதிதாகச் சேர்க்கும் பியூஸ், ரிலே எல்லாவற்றையும் வரைந்து வண்டியிலேயே வைத்துவிட வேண்டும். பழைய வண்டியை அடுத்தவர் பிரித்துப் புரிந்துகொள்ள முடிவதுதான் அதன் ஆயுள். 2014-இல் அம்பாசடர் தயாரிப்பு நின்ற பின், அந்த ஆயுளை நீட்டும் பொறுப்பு வைத்திருப்பவர்களிடம் வந்துவிட்டது.