காட்டுத்தீ வானிலைச் சுட்டெண்

காட்டுத்தீ வானிலைச் சுட்டெண் என்பது கனடாவின் வடக்கு ஊசியிலைக் காடுகளில் தீ எவ்வளவு எளிதில் பற்றும், எவ்வளவு தீவிரமாக எரியும் என்பதை நாள்தோறும் எண்களால் மதிப்பிடும் முறை ஆகும். காட்டுத்தீ பற்றிய ஆய்வு முடிவுகளைத் தீயணைப்பு அலுவலர்கள் அன்றன்றே பயன்படுத்தத்தக்க வடிவில் தருவது இதன் நோக்கம் ஆகும்.

வரலாறு

1920களின் இறுதியிலிருந்து ஒன்றாரியோ மாகாணத்தின் பெட்டவாவா ஆய்வுக் காட்டில் சிறிய சோதனைத் தீக்கள் மூட்டப்பட்டு, சருகின் ஈரத்துக்கும் தீ பரவுவதற்கும் உள்ள தொடர்பு அளவிடப்பட்டது. இத்தகைய ஆய்வுகளின் அடிப்படையில், வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபட்ட பழைய அட்டவணைகளுக்கு மாற்றாக, நாடு முழுவதற்குமான இம்முறை 1970 இல் வெளியிடப்பட்டது.

கணக்கிடும் முறை

வெப்பநிலை, ஒப்பு ஈரப்பதம், காற்றின் வேகம், முந்தைய 24 மணிநேர மழை ஆகிய நான்கும் நண்பகலில் அளக்கப்படுகின்றன. இவற்றிலிருந்து மூன்று ஈரக் குறியீடுகள் பெறப்படுகின்றன. எண் உயர்ந்தால் வறட்சி மிகுந்துள்ளது என்று பொருள்.

* நுண்ணெரிபொருள் குறியீடு: தரையின் மேல் கிடக்கும் சருகுகளைக் குறிக்கும். ஒரு நாளுக்குள்ளேயே பெரிதும் மாறும். மனிதரால் தீ மூளும் வாய்ப்பை அறிய உதவும்.
* மட்குக் குறியீடு: சுமார் 7 செ.மீ. ஆழம் வரையிலான தளர்ந்த மட்கைக் குறிக்கும். இது உலரச் சுமார் 12 நாட்கள் ஆகும். மின்னலால் தீ மூளும் வாய்ப்பை அறிய உதவும்.
* வறட்சிக் குறியீடு: சுமார் 18 செ.மீ. வரையிலான இறுகிய மட்கைக் குறிக்கும். இது உலரச் சுமார் 52 நாட்கள் ஆகும்.

இவற்றுடன் காற்றின் வேகத்தையும் சேர்த்துப் பரவல் சுட்டெண், எரிபொருள் திரட்சிச் சுட்டெண் என்னும் இரண்டும், அவ்விரண்டிலிருந்து இறுதிச் சுட்டெண்ணும் கணக்கிடப்படுகின்றன.

பொருள் கொள்ளுதல்

இறுதிச் சுட்டெண் மட்டும் போதுமானதன்று. பலத்த காற்று வீசும் நாளிலும், காற்று குறைந்த கடும் வறட்சி நாளிலும் ஒரே எண் கிடைக்கக்கூடும். முன்னதில் தீ விரைந்து பரவும். பின்னதில் ஆழத்தில் புகைந்து நீடிக்கும். 24 மணிநேரத்தில் 2.8 மி.மீ.க்கு மேற்படாத மழை வறட்சிக் குறியீட்டைக் குறைப்பதில்லை. எனவே தூறலுக்குப் பின் ஈரமாகத் தோன்றும் தரையை நம்பித் தீயணைப்புக் குழுவைத் திரும்ப அழைத்தால், அடியில் கனன்ற தீ மீண்டும் மேலெழக்கூடும். இலையுதிர்காலத்தில் உலர்ந்த மட்கு, பனி குறைந்த குளிர்காலத்துக்குப் பின்னும் வறண்டே இருக்கலாம். ஆதலால் வசந்தகாலத் தொடக்க மதிப்பை அதற்கேற்பத் திருத்த வேண்டும்.

கனடாவில் 2023 இல் சுமார் 1.5 கோடி எக்டேர் நிலம் எரிந்தது. யெலோநைஃப் நகர மக்கள் வெளியேற்றப்பட்டனர். இத்தகைய ஆண்டுகளில் குழுக்களையும் வானூர்திகளையும் எங்கு நிறுத்துவது என்னும் முடிவுக்கு இவ்வெண்களைச் சரியாகப் புரிந்துகொள்வது இன்றியமையாதது.

வரம்புகள்

இம்முறை சமதளத்தில் முதிர்ந்த பைன் காடு ஒன்றை அடிப்படையாகக் கொண்டது. சரிவு, மரவகை ஆகியவற்றைக் கணக்கில் கொள்ளாது. அவற்றைச் சேர்த்துக் கணிக்கும் தீ நடத்தை முன்கணிப்பு முறை 1992 இல் வெளியிடப்பட்டது.

பிற நாடுகளில்

நியூசிலாந்து 1980 இலும், ஐரோப்பியக் காட்டுத்தீ தகவல் அமைப்பு 2007 இலும் இச்சுட்டெண்ணை ஏற்றன. ஐக்கிய அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்திலும் இது பயன்படுகிறது.