கோடையில் மட்டும் கிடைப்பவை

ஏப்ரல் பிறந்ததும் தெருமுனைச் சுவர்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் கோடை முகாம் விளம்பரங்கள் வந்துவிடுகின்றன. ரோபோ செய்யலாம், கீபோர்டு வாசிக்கலாம், இரண்டு வாரத்தில் ஆங்கிலம் பேசலாம். கட்டணத்தைப் பார்த்ததும் பல பெற்றோர் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடுகிறார்கள். அப்புறம் பிள்ளைக்கு மிஞ்சுவது மின்விசிறியும் செல்போனும்தான். கேட்டால், "வெளியே இந்த வெயில்ல எங்க அனுப்புறது?" என்கிறார்கள்.

அந்தக் கவலை நியாயமானது. மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை நீளும் அக்னி நட்சத்திரத்தில் நடுப்பகலில் குழந்தையை வெளியே அனுப்பச் சொல்லி யாரும் எழுத முடியாது. ஆனால் காலை பத்து மணிக்கு முன்னும், மாலை நான்கரைக்குப் பின்னும், இரவிலும் வெளி உலகம் திறந்துதான் கிடக்கிறது. இந்தக் கோடை மாதங்களில் மட்டுமே பார்க்கக் கிடைக்கும் சில விஷயங்களும் இருக்கின்றன. அவற்றுக்குக் கட்டணம் கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும்.

வெளியே போக வேண்டும் என்பதற்கு விளையாட்டைத் தாண்டியும் ஒரு காரணம் உண்டு. கிட்டப்பார்வை தொடங்குவதைத் தள்ளிப்போடுவதில் வெளிச்சத்துக்குப் பெரிய பங்கு இருப்பதாகக் கண் மருத்துவ ஆய்வுகள் தொடர்ந்து சொல்லிவருகின்றன. பிரகாசமான வெளிச்சம் விழித்திரையில் டோபமைன் சுரப்பைத் தூண்டுகிறது; கண்கோளம் அளவுக்கு மீறி நீளாமல் அது தடுக்கிறது என்பது விளக்கம். விளக்கு எரியும் அறைக்குள் சில நூறு லக்ஸ் வெளிச்சம் இருந்தால் பெரிது. வெளியே மரநிழலில்கூட அது பல ஆயிரம் லக்ஸைத் தொடும். ஆகவே வெயிலில் நிற்கத் தேவையில்லை, வேப்பமரத்தடியே போதும். நாளுக்கு இரண்டு மணி நேரம் என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாம்.

விடியலில் ஒரு துப்பறியும் வேலை

மே மாதத்தில் சென்னையில் ஐந்தே முக்கால் வாக்கில் சூரியன் உதித்துவிடுகிறது. அதற்கும் முன்பே குயில் கூவத் தொடங்கியிருக்கும். கூவுவது ஆண் குயில். பளபளக்கும் கறுப்பு உடல், சிவந்த கண். பெண் குயில் பழுப்பு நிறத்தில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும் என்பதால் பலர் அதைக் குயில் என்றே அறிய மாட்டார்கள். இதே பருவத்தில்தான் காகங்களும் கூடு கட்டுகின்றன. குயில் தனக்கென்று கூடு கட்டாது, காகத்தின் கூட்டில் முட்டையிடும் என்பதைப் பாடப் புத்தகத்தில் படித்த பிள்ளைக்கு, அதைக் கண்ணால் பார்க்க வாய்க்கும் காலம் இது.

செய்ய வேண்டியது எளிது. தெருவில் எந்த மரத்தில் காகக் கூடு இருக்கிறது என்று கண்டுபிடித்து, தினமும் ஒரே நேரத்தில் கால் மணி நேரம் தள்ளி நின்று பார்த்து, ஒரு பழைய நோட்டில் எழுதி வைப்பது. ஆண் குயில் கூட்டருகே வந்து கூவினால் காகங்கள் அதைத் துரத்திக்கொண்டு போகும். அந்த நேரத்தில் பெண் குயில் கூட்டில் இறங்குவதும் உண்டு. குயில் முட்டை காக முட்டைக்குச் சில நாள் முன்பே பொரிந்துவிடுவதால் இரை கேட்பதில் குயில் குஞ்சு முந்திக்கொள்கிறது. பிறகு ஒருநாள், காகம் தன்னைப் போலவே இல்லாத ஒரு குஞ்சுக்கு இரை ஊட்டுவதைப் பார்க்கலாம். கூட்டுக்கு நேர் கீழே மட்டும் நிற்க வேண்டாம். குஞ்சு வைத்திருக்கும் காகம் தலையில் கொத்தும்.

மரமே இல்லாத அடுக்கு மாடிக் குடியிருப்பு என்றால் தொட்டியில் ஒரு கறிவேப்பிலைச் செடி இருந்தாலும் போதும். அதன் இலையில் பறவை எச்சம் போல ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தால் துடைத்துவிடாதீர்கள். பட்டாம்பூச்சியின் இளம் புழு அது. எதிரிகளிடமிருந்து தப்ப எச்சம் போலவே தோற்றம் கொண்டிருக்கிறது. வளர வளர இலைப் பச்சைக்கு மாறும். கூட்டுப்புழுவாகி, ஒன்றிரண்டு வாரத்தில் ஒரு காலையில் சிறகு உலர்த்திக்கொண்டு வெளியே வரும். அதுவரை சமையலுக்குக் கடைக் கறிவேப்பிலை வாங்கிக்கொள்ளலாம்.

நடுப்பகலில் ஐந்து நிமிடம்

பத்து மணிக்கு மேல் வெளியே விடாதீர்கள் என்று சொன்னதற்கு ஒரே ஒரு விதிவிலக்கு. ஆண்டுக்கு இரண்டு நாள், நண்பகலில் சூரியன் சரியாக நம் தலைக்கு மேல் வந்து நிற்கிறது. நேராக நட்ட குச்சிக்கு அந்த நிமிடத்தில் நிழல் இருக்காது. நிழலில்லா நாள் என்கிறார்கள். கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவில் வாழ்பவர்களுக்கு மட்டுமே இது கிடைக்கும். டெல்லிப் பிள்ளைகள் இதை ஊரில் இருந்து பார்க்கவே முடியாது. கன்னியாகுமரியில் ஏப்ரல் 10, யாழ்ப்பாணத்தில் 15, மதுரையில் 16, கோவையில் 19, சென்னையில் 24 வாக்கில் இது வரும். ஆகஸ்ட் வாக்கில் மறுபடியும் ஒருமுறை. கடிகாரத்தில் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு நிகழ்வதில்லை, சென்னையில் 12.07-ஐ ஒட்டியும், கோவையில் 12.20-ஐத் தாண்டியும் நிகழும்.

இதை வைத்துப் பூமியையே அளக்கலாம் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி. சென்னையில் ஒரு பிள்ளை, கன்னியாகுமரிப் பக்கம் அத்தை வீட்டில் இன்னொரு பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். இருவரிடமும் ஒரு மீட்டர் நீளக் குச்சி. ஏப்ரல் 24 அன்று சென்னைக் குச்சிக்கு நிழல் இருக்காது. அதற்குச் சுமார் பத்து நிமிடம் கழித்துக் கன்னியாகுமரியில் நண்பகல் வரும்போது, அங்குள்ள குச்சிக்கு எட்டே முக்கால் சென்டிமீட்டர் நிழல் விழும். அதுவும் தெற்கு நோக்கி. அந்த நிழலின் கோணம் 5 பாகை. பூமி ஒரு முழு வட்டம், 360 பாகை. அதில் 72-ல் ஒரு பங்கு இந்த 5. இரண்டு ஊர்களுக்கும் இடையே வடக்கு தெற்காக அளந்தால் சுமார் 555 கிலோமீட்டர். 555-ஐ 72-ஆல் பெருக்கினால் வருவது ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர். அதுதான் பூமியின் சுற்றளவு.

கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தின் இரண்டு ஊர்களை வைத்து இதே கணக்கைத்தான் போட்டார். நம் பிள்ளைகளுக்குத் தேவை இரண்டு குச்சி, ஒரு ஸ்கேல், ஒரு போன் அழைப்பு. தொப்பியும் செருப்பும் போட்டு ஐந்து நிமிடம் நின்றுவிட்டு உள்ளே வந்துவிடலாம்.

நுங்கு தின்ற பிறகு

நுங்கு வெட்டும் இடத்தில் பிள்ளைக்கு இரட்டை லாபம். சுளை வயிற்றுக்கு, எடுத்த காய் சக்கரத்துக்கு. இரண்டு காய்களை ஒரு குச்சியின் இரு முனையிலும் செருகி, கவையுள்ள நீளக் கம்பால் தள்ளிக்கொண்டு ஓடினால் நுங்கு வண்டி. கத்தி பிடிக்கிற வேலை பெரியவருடையது, மற்றதெல்லாம் பிள்ளையே செய்துகொள்ளும். பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதுவது, வேப்பம்பழம் பொறுக்கி அன்றே கொட்டையை மண்ணில் ஊன்றுவது (வேப்பங்கொட்டை சில வாரங்களில் முளைப்புத் திறனை இழந்துவிடும்) எல்லாம் இந்தப் பருவத்துக்கே உரியவை.

தெரு விளையாட்டுகளைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. ஏழு ஓட்டுச் சில்லும் ஒரு ரப்பர் பந்தும் இருந்தால் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு மாலை முழுக்க ஓட்டம். பம்பரம், கோலி, பாண்டி, பச்சைக்குதிரை எதுவும் பெரிய செலவு வைக்காது. ஆறு வயதுப் பிள்ளையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் ஒரே ஆட்டத்தில் இருப்பார்கள். விதியை அவர்களே பேசி முடிவு செய்வார்கள். வயதுவாரியாகப் பிரித்து நடத்தும் முகாம்களில் இது கிடைப்பது அரிது. காற்றாடி விடுவதென்றால் சாதாரணப் பருத்தி நூல் மட்டும். மாஞ்சா நூல் இருசக்கர வண்டியில் போகிறவர்களின் கழுத்தை அறுத்து உயிரைப் பறித்திருக்கிறது. தமிழ்நாட்டில் அதற்குத் தடையும் உண்டு.

கடற்கரையும் தண்ணீரும்

கடலோர ஊர்களுக்கு மாலையில் கடற்காற்று வரும். பகலில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகி, அதன் மேலுள்ள காற்று எழும்ப, அந்த இடத்துக்குக் கடலின் குளிர்ந்த காற்று நுழைகிறது. மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாளில் அது தாமதமாகும். அன்றுதான் சென்னை தகிக்கும். இன்று எத்தனை மணிக்குக் காற்று திரும்பியது என்று பிள்ளைகள் குறித்து வந்தாலே நல்லதொரு பதிவேடு கிடைத்துவிடும்.

சென்னைக் கடற்கரையில் ஆண்டின் தொடக்க மாதங்களில் பங்குனி ஆமைகள் கரையேறி முட்டையிடுகின்றன. ஒரு கூட்டில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும். 1988 முதல் மாணவர் குழு ஒன்று இரவில் கரை நெடுக நடந்து, ஆபத்தான இடத்தில் இருக்கும் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் சேர்த்துவருகிறது. வனத்துறையும் பொரிப்பகங்கள் நடத்துகிறது. முட்டைகள் பொரிய ஒன்றரை மாதம் ஆகும் என்பதால், கோடை விடுமுறை தொடங்கும் நேரத்தில் பெசன்ட் நகர்ப் பக்கம் குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்க முடியும். வெளிச்சமான திசையில்தான் கடல் இருக்கிறது என்று குஞ்சு நம்பி நடக்கும். தெருவிளக்கு வெளிச்சம் அதைச் சாலைப் பக்கம் இழுத்துவிடும். ஆகவே செல்போன் டார்ச்சை அணைத்துவிடுங்கள். குஞ்சைத் தொட வேண்டாம்.

அலையில் கால் நனைப்பதைத் தாண்டி மெரினா போன்ற கரைகளில் பிள்ளைகளை இறக்கவே கூடாது. கரைக்கு வந்த நீர் குறுகிய பாதையில் வேகமாகத் திரும்பும் இடத்தில் நீச்சல் தெரிந்த பெரியவரையும் அது இழுத்துப் போகும். உள்ளூர்களில் கிணறும் குளமும் வாய்க்காலும் ஒவ்வொரு கோடையிலும் பிள்ளைகளைப் பலி வாங்குகின்றன. ஒருவரைக் காப்பாற்றக் குதித்த இன்னொருவரும் சேர்ந்து மூழ்கிய செய்தி வராத ஆண்டில்லை. குதிக்காதே, கயிறோ துண்டோ கம்போ நீட்டு, சத்தம் போட்டு ஆள் கூப்பிடு என்பதை நான்கு வயதிலேயே சொல்லித்தர வேண்டும்.

செலவழிக்கக் கொஞ்சம் பணம் இருந்தால் என்னைக் கேட்டால் முதலில் நீச்சலுக்குச் செலவழியுங்கள் என்பேன். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் நீச்சல் குளங்கள் பல மாவட்டங்களில் உள்ளன. மாநகராட்சிக் குளங்களும் உண்டு. ஆணையம் கோடையில் மாவட்ட விளையாட்டரங்குகளில் தடகளம், கைப்பந்து, கால்பந்து போன்றவற்றுக்குப் பயிற்சி முகாமும் நடத்துகிறது. கட்டண விவரம் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் நேரில் கேட்பது நல்லது. தனியார் முகாமோடு ஒப்பிட்டால் சொற்பமாகவே இருக்கும்.

ஒருநாள் வெளியூர் போவதென்றால், மத்தியத் தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களில் 15 வயதுக்கு உட்பட்டோருக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். மாமல்லபுரம், செஞ்சிக் கோட்டை, சித்தன்னவாசல் எல்லாம் இதில் அடங்கும். கல்லில் சூடு ஏறுமுன் இறங்கிவிடுகிற மாதிரித் திட்டமிட வேண்டும்.

மொட்டை மாடியில் ஒன்பது மணி

மே நடுவில் இரவு ஒன்பது மணிக்கு வடக்கே பார்த்தால் சப்தரிஷி மண்டலத்தின் ஏழு நட்சத்திரங்கள் தெரியும். வால் பகுதியின் நடு நட்சத்திரம் வசிஷ்டர். அதை ஒட்டி மங்கலாக இன்னொன்று தெரிகிறதா என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அதுதான் கல்யாணத்தில் காட்டும் அருந்ததி. வாலின் வளைவைப் பிடித்துக்கொண்டே போனால் செம்மஞ்சளாகச் சுவாதி, இன்னும் நீட்டினால் வெண்மையாகச் சித்திரை. சித்திரை மாதப் பௌர்ணமியன்று நிலா இந்த நட்சத்திரத்தின் அருகில்தான் நிற்கும்.

இப்போது தெற்கே திரும்புங்கள். அடிவானத்தில் கட்டடம் மறைக்காவிட்டால், சிலுவை வடிவில் நான்கு நட்சத்திரங்கள் நிமிர்ந்து நிற்கும். தென்சிலுவை. டெல்லியில் இருந்து இதை முழுதாகப் பார்க்க முடியாது; நமக்குத் தெரியும், அதுவும் இந்த மாதங்களில் மாலை வானத்திலேயே தெரியும். அதன் இடப்பக்கம் கீழே இரண்டு பிரகாசமான நட்சத்திரங்களில் சிலுவைக்குத் தூரத்தில் இருப்பது ஆல்பா சென்டாரி. சூரியனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரக் குடும்பம் அது. அதன் ஒளி வந்து சேர நான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகும். எட்டு வயதுப் பிள்ளை இன்று பார்ப்பது, அவள் நான்கு வயதில் இருந்தபோது கிளம்பிய வெளிச்சம்.

யார் பார்த்துக்கொள்வது?

இவை எல்லாவற்றுக்கும் உண்மையான செலவு ஒரு பெரியவரின் நேரம். தண்ணீர் பாட்டிலும் நீர்மோரும் கொடுத்தனுப்ப வேண்டும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று புரிந்துகொள்ள வேண்டும். உடம்பு கொதித்துப் பேச்சு குழறினால் நிழலுக்குத் தூக்கி வந்து உடலை நனைத்து விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் இதற்கு ஆள் கிடையாது என்பது உண்மைதான். ஒரு தெருவில் ஆறேழு குடும்பங்கள் முறை வைத்துக்கொண்டால், வாரத்துக்கு ஒரு காலையோ ஒரு மாலையோதான் ஒருவர் பங்குக்கு வரும். தாத்தா பாட்டிகளைச் சேர்த்துக்கொண்டால் அதுவும் குறையும்.

இடம்தான் அடுத்த சிக்கல். தெருக்களைக் கார்கள் பிடித்துக்கொண்டுவிட்டன. ஆனால் ஊருக்கு ஊர் அரசுப் பள்ளியில் மரமும் மைதானமும் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு மிகவும் தேவைப்படும் மாதத்தில்தான் அவற்றில் பல பூட்டிக் கிடக்கின்றன. பாதுகாப்பும் பராமரிப்பும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. இரண்டுக்கும் பெற்றோர் பொறுப்பேற்றால் பேசித் தீர்க்கக் கூடியவையே. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. காலை ஆறிலிருந்து எட்டு, மாலை நாலரையிலிருந்து ஆறரை என்று நேரம் குறித்து, யார் சாவி வாங்குவது, யார் நின்று பார்ப்பது என்ற பெயர்ப் பட்டியலையும் இணைத்து, விடுமுறை தொடங்குமுன் நடக்கும் கூட்டத்திலேயே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். நகரமென்றால் வார்டு உறுப்பினரிடமும், கிராமமென்றால் ஊராட்சித் தலைவரிடமும் அதன் நகல் ஒன்றைச் சேர்த்துவிடலாம்.