எவரும் திருத்தலாம், ஆனால்...

கணிப்பொறிக்கு நாம் இடும் ஆணைகளின் தொடரே நிரல். பல நிறுவனங்கள் தம் நிரலைப் பிறர் காணாதபடி வைத்துக்கொள்கின்றன. வேறு சில நிரல்களோ எவரும் படிக்கலாம், படியெடுக்கலாம், திருத்தலாம் என்ற உரிமையோடு வெளிவருகின்றன. இவையே திறந்த மூல மென்பொருள்கள். பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸ் இவ்வகையைச் சேர்ந்தது. 2009 ஜனவரியில் இயங்கத் தொடங்கிய பிட்காயினும் அப்படித்தான்.

பணத்தைக் கணக்கிடும் நிரலில் முன்பின் அறியாதவர் கைவைக்கலாமா என்று நீங்கள் கேட்கக்கூடும். நியாயமான ஐயமே.

பிட்காயினுக்கு வங்கி கிடையாது. யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்னும் பேரேட்டின் படிகள் உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளில் உள்ளன. சுமார் பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கம் அதில் சேருகிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் கைரேகை போன்ற ஓர் எண்ணைக் கணக்கிட்டு அடுத்த பக்கத்தில் பொறித்துவிடுகிறார்கள். பழைய பக்கத்தில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அந்த எண் மாறிவிடும், திருட்டு வெளிப்பட்டுவிடும். சங்கிலிபோல் பக்கங்கள் கோக்கப்படுவதால்தான் இதற்குப் பிளாக்செயின் என்று பெயர்.

ஆனால் பேரேட்டின் விதிகளைக் காப்பது நிரல் அல்லவா? அதைத் திருத்த விரும்புபவர் ஒரு படியை எடுத்து, மாற்றம் செய்து, பலர் பார்வைக்கு வைக்கிறார். மற்றவர்கள் அதை வரிவரியாகப் படித்து, இயக்கிப் பார்த்து, குறை சொல்கிறார்கள். இணக்கம் ஏற்பட்ட பிறகே, பொறுப்பாளர் சிலர் அதை மூல நிரலில் சேர்க்கிறார்கள். அப்போதும் புதிய பதிப்பை ஏற்பதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம்.

இத்தனை கண்களையும் தாண்டி ஒரு பிழை நுழைந்தது. ஒரே காசை ஒரு கொடுக்கலில் இருமுறை காட்டக்கூடாது என்பது விதி. இதைச் சரிபார்க்கும் சோதனை ஒன்று, வேறிடத்திலும் நடக்கிறதே என்ற எண்ணத்தில், வேகத்துக்காக ஓரிடத்தில் தவிர்க்கப்பட்டது. 2017-இல் வெளிவந்த பதிப்பிலேயே இக்குறை இருந்தது. மொத்தம் 2.1 கோடி நாணயங்களுக்கு மேல் உண்டாகா என்பது பிட்காயினின் அடிப்படை வாக்குறுதி. இந்த ஓட்டை வழியே, இல்லாத நாணயங்களை உண்டாக்கியிருக்க முடியும்!

2018 செப்டம்பரில் இதைக் கண்டவர் யார் தெரியுமா? பிட்காயினுக்குப் போட்டியான நாணயம் ஒன்றின் நிரலாளர். அவர் நினைத்திருந்தால் ஊரறியச் சொல்லிக் குழப்பம் விளைத்திருக்கலாம். அவரோ பொறுப்பாளர்களுக்கு இரகசியமாகத் தெரிவித்தார். மறுநாளே திருத்திய பதிப்பு வெளிவந்தது. பிட்காயின் தப்பியது. ஆனால் அதே நிரலைப் படியெடுத்து நடந்த சிறு நாணயம் ஒன்றில் இந்த ஓட்டையைப் பயன்படுத்திப் போலி நாணயங்களை உண்டாக்கிவிட்டார்கள்.

புது வரிகளை எழுதுவதே பெரும் பங்களிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். எழுத ஆள் கிடைக்கிறது; பிறர் எழுதியதைப் பொறுமையாகச் சோதிப்பவர்களே குறைவு. பிட்காயின் நிரலோடு வரும் அறிமுகக் குறிப்பே இதைத்தான் இடர்ப்பாடு என்று சொல்கிறது.

நிரல்மொழி ஒன்றைக் கற்ற மாணவர் இங்கேயே தொடங்கலாம். முடிவாகாத ஒரு திருத்தத்தை எடுத்து உங்கள் கணிப்பொறியில் இயக்குங்கள். இதற்கென்றே மதிப்பில்லாத சோதனை நாணயங்கள் உண்டு. பணம் போய்விடுமோ என்ற கவலை வேண்டாம். எந்தக் கணிப்பொறியில், என்ன செய்தபோது, என்ன நடந்தது என்று எழுதியனுப்புங்கள். 'சரியாக இயங்குகிறது' என்று மட்டும் எழுதினால் எவருக்கும் பயனில்லை. எதையெல்லாம் முயன்று பார்த்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.