கை மாறிய போர்க்கப்பல்

திண்டிவனம், விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களிலே கிணற்றுப் பாசனத்திற்கென்று பழைய எண்ணெய் எஞ்சின் ஒன்றை வாங்கப் புகுந்த குடியானவன், அதன் விலையை மாத்திரம் விசாரித்து நிற்பதில்லை. அதனைப் பழுது பார்க்க அறிந்தவன் அருகில் உளனா, தேய்ந்த உறுப்புக்கு மாற்றுறுப்புக் கிடைக்குமா என்பவற்றையும் ஆராய்ந்த பின்னரே பணத்தை எண்ணுவான். தேசங்கள் தம்முள் போர்க்கப்பல்களை விற்று வாங்கும்போதும் இவ்விதியே செல்லும் என்பதை, ஐ.என்.எஸ். கிருஷ்ணா என்னும் கப்பலின் வரலாற்றினால் ஈண்டு விளக்குவோம்.

பிரிகேட் என்பது, பெருங்கப்பல்களுக்கும் வர்த்தகக் கப்பல்களுக்கும் துணையாகச் சென்று, நீர்மூழ்கிகளினின்றும் ஆகாய விமானங்களினின்றும் அவற்றைக் காக்கும் நடுத்தர அளவுள்ள போர்க்கப்பலாகும். அவற்றுள் லியாண்டர் வகுப்பைச் சார்ந்த ஆண்ட்ரோமிடா என்பது இங்கிலாந்து தேசத்துப் போர்ட்ஸ்மத் துறையிலே கட்டப்பெற்று, 1967ஆம் ஆண்டு மே மாதத்தில் நீரில் இறக்கப்பட்டு, 1968 டிசம்பரில் சேவையிற் புகுந்தது. அதன் நீளம் ஏறக்குறைய 372 அடி. கொதிகலங்களில் உண்டாகும் நீராவி, 30,000 குதிரைச் சக்தியுள்ள சுழல் யந்திரங்களை இயக்க, அவை கப்பலை உந்திச் செலுத்தும். ஐஸ்லாந்து தேசத்தோடு மூண்ட மீன்பிடித் தகராற்றிலும், 1982ஆம் ஆண்டின் பாக்லாந்து யுத்தத்திலும் அது பணி புரிந்தது. 1993இல் பிரிட்டிஷ் கடற்படை அதற்கு ஓய்வளித்தது.

கால் நூற்றாண்டு உழைத்த அக்கப்பலை 1995இல் இந்தியா விலைக்கு வாங்கிக் கிருஷ்ணா எனப் பெயரிட்டது. பிறர் கழித்ததை நாம் கொள்ளுதல் அறிவுடைமையோ எனச் சிலர் வினவலாம். அதற்கு விடை இரண்டு உண்டு.

முதலாவது, அக்கப்பல் நமக்கு அந்நியமானதன்று. 1948இல் அகில்லீஸ் என்னும் குரூஸர் கப்பலை வாங்கி டெல்லி எனப் பெயரிட்ட காலத்தில், அத்தகைய கப்பலைக் கட்டும் ஆற்றல் நம்மிடம் இல்லை. பின்னரோ பம்பாய் மஸகான் துறையிலே லியாண்டர் வகுப்பின் முறையைத் தழுவி ஆறு கப்பல்கள் கட்டப்பெற்றன. அவற்றுள் முதலாவதான நீல்கிரி 1972இலும், இறுதியானது 1981இலும் சேவையிற் சேர்ந்தன. ஆகவே கிருஷ்ணா வந்தடைந்தபோது, அதன் யந்திரங்களின் இயல்பை அறிந்த கைகள் இங்கே ஆயத்தமாக இருந்தன.

இரண்டாவது, அது போர் முனைக்காக வாங்கப்பட்டதன்று. அதன் ஏவுகணைகள் நீக்கப்பட்டுச் சிறு பீரங்கிகளே எஞ்சின. கொச்சியைத் தங்குமிடமாகக் கொண்டு, கடற்படை அதிகாரிகளாக வரவிருக்கும் இளைஞருக்கு அது பாடசாலையாயிற்று. திசையறிதல், இரவுக் காவல், நங்கூரம் இடுதல் முதலியவற்றை ஏட்டினால் மாத்திரம் கற்றல் இயலாது. அலையும் காற்றும் உடனிருந்து கற்பிக்க வேண்டும். கற்பிக்கும் கப்பல் புதிதாயிருத்தல் அவசியமன்று. பழுதின்றிக் கடல் செல்லுமாயின் அமையும்.

மூப்பின் குறைகள் இல்லாமற் போகவில்லை. நீராவிக் கப்பலுக்கு ஆட்கள் பலர் வேண்டும். உப்பு நீரும் வெப்பமும் குழாய்களையும் தகடுகளையும் அரிப்பதால், பழுது பார்க்கும் செலவு ஆண்டுதோறும் ஏறும். ஆயினும் கிருஷ்ணா பதினேழு ஆண்டுகள் கற்பித்து, 2012ஆம் ஆண்டு மே மாதத்திலேதான் விடை பெற்றது.

மாணவ நண்பர்களே, இதனால் நாம் அறிவது ஒன்று. பழைய பொருள் லாபமாவதும் நஷ்டமாவதும் அதன் விலையினால் அன்று, வாங்குவோனது அறிவினாலேயாம். கட்ட அறிந்தவன் வாங்கினால், பிறர் கழித்த கப்பலும் ஒரு தலைமுறையைப் பயிற்றும். அறியாதவன் வாங்கினால், புதுக்கப்பலும் துறையிலே துருவேறிக் கிடக்கும். ஆதலால் தொழிலறிவைத் தேடுதலே ஒரு தேசம் முதலிற் செய்யத்தக்க முயற்சியாகும்.